நாட்டிலேயே செங்குத்தான குடியிருப்புத் தெரு எது? தேடுவதற்கு ஒரு ஒழுங்கான முறை வேண்டும்

மேட்டுவழி:
நண்பர்களே, ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. ஒரு நாட்டில் லட்சக்கணக்கான தெருக்கள் இருக்கின்றன. அவற்றில் மக்கள் குடியிருக்கிற, வண்டி போய்வருகிற தெருக்களில் எது மிகச் செங்குத்தானது என்று சந்தேகமில்லாமல் எப்படிச் சொல்வது?

மலைப்பாங்கான எந்த ஊருக்குப் போனாலும் "எங்கள் தெருதான் நாட்டிலேயே செங்குத்து" என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். ஒரு ஊரில் 30 சதவீதம் (கிடைமட்டமாக 100 மீட்டருக்கு 30 மீட்டர் ஏற்றம்) என்கிறார்கள், அடுத்த ஊரில் 20 டிகிரி என்கிறார்கள், மூன்றாவது ஊரில் மூன்றுக்கு ஒன்று என்று பலகையே நிற்கிறது. தெருவின் எந்தப் பகுதியில், எத்தனை மீட்டர் நீளத்துக்கு அளந்தார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. எந்த நாடு என்று நான் வேண்டுமென்றேதான் குறிப்பிடவில்லை. எந்த நாட்டுக்கும் பொருந்துகிற வழிமுறைதான் எனக்கு வேண்டும்.

இதுவரை செய்தது: ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் குடியிருப்புத் தெரு என்று குறிக்கப்பட்ட கோடுகளை எல்லாம் இறக்கினேன். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவின் மேல் அவற்றைப் படரவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் சாய்வைக் கணக்கிட்டேன். பட்டியலின் உச்சியில் வந்தவை எல்லாம் பாலங்கள், அணைக்கட்டு ஓரச் சாலைகள், கடலோரப் பாறை விளிம்பில் போகும் தெருக்கள். 80 சதவீதம், 110 சதவீதம் என்று நம்பவே முடியாத எண்கள். இந்தக் குப்பையிலிருந்து உண்மையான தெருக்களைப் பிரித்தெடுப்பது எப்படி?

---

வரைபடப்பித்து:
நல்ல இழை, மேட்டுவழி. சாய்வைக் கணக்கிட்ட உங்கள் ஸ்கிரிப்டில் (கணினி நிரலில்) கோளாறு இருக்க வாய்ப்பில்லை. அந்தத் தரவின் குணமே அப்படி.

30 மீட்டர் தரவு என்றால் முப்பதுக்கு முப்பது மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் உயரம். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாள் ரேடார் வீசி எடுத்த எஸ்ஆர்டிஎம் ஆகட்டும், பின்னால் வந்த ஐரோப்பாவின் கோபர்நிக்கஸ் உயரத் தரவாகட்டும், இரண்டுமே தரையை மட்டும் அளக்கவில்லை. மரத்தின் தலை, கட்டடத்தின் கூரை எல்லாம் அதில் கலந்திருக்கும். சமதரையில் மரம் அடர்ந்த தெரு ஒன்று வெட்டவெளியில் போய் முடிந்தால், அந்த இடத்தில் பத்து மீட்டர் பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். பாலம் இன்னும் மோசம். தெரு பாலத்தின் மேல் போகிறது, தரவோ கீழே ஓடும் ஆற்றின் உயரத்தைச் சொல்கிறது.

ஆனால் உங்கள் பட்டியலைப் பெரும்பாலும் கெடுத்திருப்பவை மலைச்சரிவில் குறுக்காகப் போகிற, கிட்டத்தட்ட மட்டமான தெருக்கள்தான். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மலை 40 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதன் இடுப்பில் ஒரு தெரு மட்டமாக ஓடுகிறது. வரைபடத்தில் அந்தக் கோட்டின் ஒரு புள்ளி 5 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிப் போடப்பட்டிருந்தால், அங்கே உயரம் 4.2 மீட்டர் தப்பாக வரும். அடுத்த புள்ளி 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மட்டமான தெருவுக்கு 14 சதவீதச் சாய்வு இல்லாத இடத்திலிருந்து முளைத்துவிடும். புள்ளிகள் நெருங்க நெருங்க இந்தப் பிழை ஊதிக்கொண்டே போகும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. லட்சக்கணக்கான துண்டுகளை அளந்து அவற்றில் மிகப் பெரிய எண்ணை மட்டும் பொறுக்கினால், கையில் வருவது பெரும்பாலும் மிகப் பெரிய பிழைதான். உண்மையான சாய்வு சுமார் 35 சதவீதத்துக்கு மேல் போவது அபூர்வம், பிழைக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. அதனால் முதல் பத்து இடங்களைப் பார்த்து முடிவுகட்டும் வழி இங்கே எடுபடாது. நல்ல தரவு கிடைக்கும்வரை உங்கள் பட்டியலில் ஆயிரமாவது இடத்தில் இருக்கும் தெருவும் போட்டியில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

---

சைக்கிள் மிதி:
தரவு ஒரு பக்கம் இருக்கட்டும், மிதிக்கிறவர்களைக் கேளுங்கள் முதலில். ஒவ்வொரு ஊரிலும் சைக்கிள்காரர்களுக்கு அந்த ஊரின் கொடூரமான ஏற்றம் எது என்று அத்துப்படி. உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தூக்கும், எழுந்து நின்றால் பின்சக்கரம் வழுக்கும். அந்த மாதிரித் தெரு ஒன்று இருந்தால் அது ரகசியமாக இருக்காது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கேன்டன் அவென்யூ என்று ஒரு தெரு. பீச்வியூ பகுதியில் இருக்கிறது, கல் பாவிய தெரு. 37 சதவீதம் என்று சொல்கிறார்கள். சைக்கிள் பந்தயமே அதில் ஏற்றி விடுகிறார்கள், பாதிப் பேர் நடுவழியில் கால் ஊன்றிவிடுவார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் உலகத்திலேயே அதற்குத்தான் முதலிடம் கிடைத்திருக்க வேண்டும்.

---

சாலைப்பொறி:
சைக்கிள் மிதி சொன்ன கேன்டன் அவென்யூவிலேயே இந்த இழையின் மொத்தச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. அந்த 37 சதவீதம் நிற்பது சுமார் ஆறரை மீட்டர் நீளத்துக்குத்தான். தெருவின் மொத்த நீளம் 190 மீட்டர். ஆறரை மீட்டரை வைத்துப் பட்டம் கொடுக்கலாம் என்றால், கார் நிறுத்துமிடத்துக்கு ஏறும் சாய்தளம்கூடப் போட்டிக்கு வரும்.

எதிர்ப்பக்கத்தில் நியூசிலாந்தின் டுனீடின் நகரத்து பால்ட்வின் தெருவை எடுங்கள். நீளம் சுமார் 350 மீட்டர். அடியில் கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர், உச்சியில் 100 மீட்டர். முழுத் தெருவுக்கும் சராசரி பார்த்தால் 20 சதவீதம்தான். மேல்பகுதி 161 மீட்டரை மட்டும் எடுத்தால் 47 மீட்டர் ஏறுகிறது, அதாவது 29 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதிலேயே மிகச் செங்குத்தான 10 மீட்டரை எடுத்தால் 34.8. ஒரே தெருவுக்கு மூன்று எண்கள். மூன்றும் சரியானவை.

அதனால் என் கட்சி இதுதான்: எந்த நீளத்துக்கு, எந்தக் கோட்டில் என்று முதலில் முடிவு செய்யாமல் தேடவே இறங்காதீர்கள். அந்த இரண்டும் இல்லாமல் ஒரு தெருவின் சாய்வு இத்தனை என்று சொல்வதற்குப் பொருளே கிடையாது.

கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உலக அளவில் நடந்த பெரிய வழக்கே அதுதான். 2019 ஜூலையில் கின்னஸ் நிறுவனம் உலகின் மிகச் செங்குத்தான தெரு என்ற பட்டத்தை டுனீடினிடமிருந்து எடுத்து வேல்ஸில் ஹார்லெக் என்ற சிற்றூரின் ஃபோர்த் பென் ஹ்லெக் தெருவுக்குக் கொடுத்தது. 37.45 சதவீதம். டுனீடின்காரர்கள் விடவில்லை. ஹார்லெக் தெரு வளைந்து இறங்குவது. வளைவின் உள்பக்க ஓரத்தில் அளந்தால் தூரம் குறைந்து சாய்வு கூடிவிடுகிறது, தெருவின் நடுக்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்று முறையிட்டார்கள். மறு ஆய்வில் அது ஏற்கப்பட்டது. நடுக்கோட்டில் ஹார்லெக் 28.6 சதவீதமாக இறங்கியது. 2020 ஏப்ரலில் பட்டம் மறுபடி பால்ட்வின் தெருவுக்கே போனது.

அதே தெரு, அதே தார். அளந்த கோடு மாறியதும் கிட்டத்தட்ட 9 சதவீதப் புள்ளிகள் காணாமல் போயின.

---

மேட்டுவழி:
இது எனக்குப் பெரிய திறப்பு, சாலைப்பொறி. ஆனால் ஒரு வளைவில் 9 புள்ளி வித்தியாசம் வரும் என்பதை மனது ஏற்க மறுக்கிறது. கொஞ்சம் கணக்கோடு காட்ட முடியுமா?

---

சாலைப்பொறி:
தாராளமாக. கால்வட்டம் திரும்பும் ஒரு வளைவு. உள் ஓரத்தின் ஆரம் 5 மீட்டர், நடுக்கோட்டின் ஆரம் 8, வெளி ஓரத்தின் ஆரம் 11. அந்த வளைவு முடியும்போது தெரு 3 மீட்டர் ஏறியிருக்கிறது.

உள் ஓரத்தில் நடந்தால் 7.85 மீட்டர் தூரம், சாய்வு 38 சதவீதம்.
நடுக்கோட்டில் 12.57 மீட்டர், 24 சதவீதம்.
வெளி ஓரத்தில் 17.28 மீட்டர், 17 சதவீதம்.

ஏற்றம் எல்லோருக்கும் அதே 3 மீட்டர்தான், தூரம்தான் மாறுகிறது. கொண்டை ஊசி வளைவில் லாரிக்காரர்கள் ஏன் வெளிப்பக்கம் அகலமாகப் பிடித்துத் திருப்புகிறார்கள் என்பதற்கும் இதில் ஒரு பாதி விடை இருக்கிறது. நேரான தெருவில் இந்தப் பேச்சே எழாது. பால்ட்வின் தெரு அளவுகோல்போல நேராக ஏறுகிறது, எந்த ஓரத்தில் அளந்தாலும் அதே விடைதான்.

---

சைக்கிள் மிதி:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருவழித் தெருவில், ஒற்றை வண்டி அகலத்தில், ஏறுகிறவன் உள் ஓரத்தில்தான் மாட்டிக்கொள்கிறான். அவன் தொடை அறிவது 38ஐத்தான். நடுக்கோடு என்பது வரைபடக்காரர்களின் வசதிக்கு. மக்கள் அனுபவிக்கிற சாய்வு என்று ஒன்று இருக்கிறதே, அதை ஏன் தள்ள வேண்டும்?

---

வரைபடப்பித்து:
அனுபவிக்கிற சாய்வு உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் உள் ஓரத்துக்கு எல்லையே இல்லை, சைக்கிள் மிதி. ஓரத்துக்கு இன்னும் ஓரம் என்று போனால் ஆரம் குறைந்துகொண்டே வரும், சாய்வு ஏறிக்கொண்டே போகும். நடைமேடைக் கல்லை ஒட்டி ஓர் ஆள், அதிலிருந்து அரை அடி தள்ளி இன்னோர் ஆள் அளந்தால் இரண்டு விடை. நடுக்கோடு என்றால் யார் போய் அளந்தாலும் அதே கோடு. ஒரு தெருவை இன்னொரு தெருவோடு ஒப்பிட வேண்டும் என்றால் திரும்ப அளந்து பார்க்கக்கூடிய கோடு வேண்டும். உள் ஓரத்து எண்ணைக் கூடுதல் தகவலாகப் பக்கத்தில் எழுதி வைக்கலாம், பட்டம் நடுக்கோட்டுக்குத்தான்.

---

சைக்கிள் மிதி:
திரும்ப அளக்கக்கூடிய கோடு என்ற வாதத்தை ஏற்கிறேன். உள் ஓரத்து எண்ணும் பட்டியலில் ஒரு பத்தியாக இருக்கட்டும். மிதிக்கிறவர்கள் அதைத்தான் தேடிப் பார்ப்பார்கள்.

---

தரவுக்கிறுக்கு:
இப்போதுதான் இழையைப் படித்தேன். தேடும் வழியைப் பற்றி என் பங்குக்கு.

உங்கள் நாட்டில் லைடார் தரவு வெளியிட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். விமானத்திலிருந்து லேசர் வீசி எடுப்பது. ஒரு துடிப்பு இலையில் பட்டுத் திரும்பும், அதன் மிச்சம் தரையில் பட்டுத் திரும்பும், இரண்டையும் பிரித்துத் தரையை மட்டும் தனி மாதிரியாகத் தருவார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகள் ஒரு மீட்டர் அளவிலோ அதைவிட நுணுக்கமாகவோ இலவசமாகவே கொடுக்கின்றன. அது இருந்தால் உங்கள் வேலையில் முக்கால்வாசி முடிந்தது.

இறக்கும்போது தரைமட்ட மாதிரியா மேற்பரப்பு மாதிரியா என்று பெயரைப் பார்த்து இறக்குங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில்தான் கிடக்கும். மேற்பரப்பு மாதிரியை எடுத்தால் தெருவோரம் நிற்கும் வேனும் ஒரு குன்றுதான்.

நான் செய்யும் வரிசை இது. தெருக்கோட்டை 1 மீட்டருக்கு ஒரு புள்ளியாக நறுக்குவேன். ஒவ்வொரு புள்ளியிலும் தெருவுக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் 2 மீட்டர் வரை உயரங்களை எடுத்து அவற்றின் இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, வைத்துக்கொள்வேன். சராசரி வேண்டாம், ஒரு வேலிச்சுவர் உள்ளே வந்தாலும் சராசரி கெட்டுவிடும். பிறகு 10 மீட்டர், 50 மீட்டர், 100 மீட்டர் என்று மூன்று சாளரங்களை (அந்தந்த நீளமுள்ள அளவுத் துண்டுகளை) தெரு நெடுக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் உச்ச சாய்வைக் குறிப்பேன். பாலம், சுரங்கம், படிக்கட்டு என்று குறியிட்ட கோடுகளை முன்கூட்டியே கழித்துவிட வேண்டும்.

மூன்று சாளரம் ஏன் என்றால், பிழை எவ்வளவு என்பது சாளரத்தைப் பொறுத்தது. லைடாரில் ஒரு புள்ளிக்கு 15 சென்டிமீட்டர் செங்குத்துப் பிழை என்று வைத்துக்கொள்வோம். இரு முனையும் சேர்ந்தால் சுமார் 21 சென்டிமீட்டர். 10 மீட்டர் சாளரத்தில் அது 2 சதவீதப் புள்ளி. 50 மீட்டரில் 0.4. 100 மீட்டரில் 0.2. முதலிடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் வித்தியாசமே ஒரு புள்ளிக்குள்தான் இருக்கும் என்பதால், 10 மீட்டர் பட்டத்தை லைடாரை வைத்து மட்டும் தீர்க்க முடியாது. நேரில் போயே ஆக வேண்டும். 100 மீட்டர் பட்டத்தை வீட்டிலிருந்தே கிட்டத்தட்ட முடித்துவிடலாம்.

---

மேட்டுவழி:
லைடார் இல்லாத நாடு என்றால்?

---

தரவுக்கிறுக்கு:
அப்போது சாய்வைத் தேடாதீர்கள், தெருவின் போக்கைத் தேடுங்கள்.

30 மீட்டர் தரவில் 10 மீட்டர் துண்டின் சாய்வு தெரியாது. ஆனால் அந்த மலைப்பக்கம் எந்தத் திசையில் இறங்குகிறது என்பது நன்றாகவே தெரியும். மலை இறங்கும் திசையும் தெரு போகும் திசையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற, நேரான, 100 மீட்டருக்கு மேல் நீளமான தெருக்களை மட்டும் சலித்தெடுங்கள். வரைபடப்பித்து சொன்ன குறுக்குத் தெருப் பிழை இதில் அப்படியே விழுந்துவிடும். மிச்சம் இருப்பதைக் கண்ணால் பார்த்து முடிக்கலாம்.

எங்கே தேடுவது என்பதற்கும் இதில் ஒரு தடயம் உண்டு. மலையில் தானாக வளர்ந்த பழைய ஊர்களில் தெருக்கள் சம உயரக் கோட்டை ஒட்டி வளையும். ஏறியே ஆக வேண்டிய இடத்தில் படிக்கட்டாகிவிடும். செங்குத்தான வண்டித் தெரு பிறப்பது பெரும்பாலும் யாரோ காகிதத்தில் கட்டம் போட்டு அதைக் குன்றின் மேல் அப்படியே சாத்தின ஊர்களில்தான். டுனீடின் அப்படி, சான் பிரான்சிஸ்கோ அப்படி. சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்பர்ட் தெரு ஹைட் தெருவுக்கும் லெவன்வொர்த் தெருவுக்கும் நடுவே 31.5 சதவீதத்தில் இறங்குகிறது. அங்கே குன்றைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, கட்டத்தின் கோடு அந்த வழியாகப் போனது, தெருவும் போனது. உங்கள் நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் கட்டம் போட்டு விற்ற மலை ஊர்கள் எவை என்று பழைய நிலப்படங்களைப் புரட்டுங்கள்.

---

சாலைப்பொறி:
சான் பிரான்சிஸ்கோ என்றதும் எல்லோரும் லொம்பார்டு தெருவைச் சொல்வார்கள், அதையும் தெளிவாக்கிவிடுவோம். அந்தக் குன்றின் சாய்வு 27 சதவீதம். வண்டிகள் இறங்கத் திணறியதால் 1922இல் எட்டு வளைவு போட்டுத் தெருவையே மடக்கினார்கள். குன்று செங்குத்தானது, தெரு இப்போது அவ்வளவு இல்லை. இரண்டு முனைக்கும் இடையே நேர்கோடு போட்டுச் சாய்வைக் கணக்கிடும் ஸ்கிரிப்ட் இந்த மாதிரித் தெருக்களைத் தூக்கி முன்னால் வைத்துவிடும். கோட்டின் மீதே தூரத்தை எடுக்க வேண்டும்.

---

ரசமட்டம்:
நேரில் அளப்பதைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை. கட்டட வேலையில் மட்டம் பார்த்தே வயது போனவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதன் ஜிபிஎஸ் உயரம் பல மீட்டர் முன்னே பின்னே ஆடும், 10 மீட்டர் துண்டில் அது எதற்கும் உதவாது. சில கைப்பேசிகளில் காற்றழுத்த உணரி இருக்கும், அது பரவாயில்லை. 8 மீட்டர் ஏறினால் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறையும் என்ற கணக்கில் ஓடுகிறது. முழுத் தெருவின் ஏற்றத்தைத் தோராயமாகப் பார்க்க அது போதும். ஆனால் அடியிலிருந்து உச்சிக்குப் போய், மறுபடி அடிக்கு வந்து அதே எண் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் வானிலை மாறினால் எண்ணும் மாறியிருக்கும்.

காசில்லாத, நம்பகமான வழி ஒன்று சொல்கிறேன். வளையாத, நேரான 2 மீட்டர் அலுமினியப் பட்டை ஒன்று, ஒரு ரசமட்டம், ஒரு டேப். பட்டையின் ஒரு முனையைத் தெருவின் நடுக்கோட்டில் மேல்பக்கம் ஊன்றுங்கள். மறுமுனையைக் கீழ்ப்பக்கம் அந்தரத்தில் பிடித்து, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை ஏற்றி இறக்குங்கள். குமிழி நின்றதும் அந்த முனையிலிருந்து தரைக்கு டேப்பைச் செங்குத்தாக விட்டு அளங்கள். 69.6 சென்டிமீட்டர் வந்தால் சாய்வு 34.8 சதவீதம். தரையில் அந்தப் புள்ளியைச் சாக்குக்கட்டியால் குறித்து, பட்டையை அங்கே ஊன்றி அடுத்த 2 மீட்டர். ஐந்து முறை வைத்தால் 10 மீட்டர்.

இதில் பெரிய நன்மை, தூரத்தைக் கிடைமட்டமாகவே அளக்கிறீர்கள். ரொம்பப் பேர் டேப்பைத் தெருவின் மேலேயே படுக்கவைத்து 10 மீட்டர் எடுத்து, ஏறின உயரத்தை அதால் வகுக்கிறார்கள். லேசான சாய்வில் வித்தியாசம் தெரியாது. ஆனால் செங்குத்துத் தெருவில் தெரியும். தரையோடு 10 மீட்டர் போய் 3.3 மீட்டர் ஏறினால் 33 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். கிடைமட்டத் தூரம் அங்கே 9.44 மீட்டர்தான், உண்மையான சாய்வு 35. இரண்டு புள்ளி கைநழுவிப் போகிறது, பட்டமே அதில் போய்விடும்.

பட்டை முறையில் ஒவ்வொரு தடவையும் ஒரு சென்டிமீட்டர் தவறினால் அந்தத் துண்டுக்கு அரை சதவீதப் புள்ளி. மேலிருந்து கீழே ஒரு தடவை, பட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. ரசமட்டத்தையும் இடவலம் மாற்றி வையுங்கள், குமிழிக் குழாயில் பிசகு இருந்தால் அப்போது தெரிந்துவிடும். பட்டம் என்று அறிவிக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டால், உரிமம் பெற்ற சர்வேயரைக் கூப்பிட்டு டோட்டல் ஸ்டேஷனில் (தூரத்தையும் கோணத்தையும் சேர்த்து அளக்கும் சர்வே கருவி) அளக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் பேச்சு இருக்காது.

---

வரைபடப்பித்து:
அருமை, ஐயா. போகும் முன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒன்றையும் சேர்க்கிறேன். தெருக்காட்சிப் படங்களில் மேலே கீழே பார்க்கும் படத்தை நம்பாதீர்கள். கேமராவின் சாய்வும் லென்ஸும் சேர்ந்து எந்த மேட்டையும் சுவராகக் காட்டும், சுவரையும் மேடாகக் காட்டும். பக்கவாட்டில் திருப்பி ஒரு வீட்டின் சுவரைப் பாருங்கள். செங்கல் சுவர் என்றால் யோகம். கல் வரிசை ஒவ்வொன்றும் மட்டமாகத்தான் ஓடும். சுவரின் மேல்மூலையில் தரை எந்த வரிசையில் தொடுகிறது, கீழ்மூலையில் எந்த வரிசையில் தொடுகிறது என்று எண்ணுங்கள். ஒரு வரிசை காரையோடு 7.5 சென்டிமீட்டர் என்றால், 32 வரிசை வித்தியாசம் 2.4 மீட்டர். சுவரின் நீளத்தை வான்படத்தில் அளங்கள். 8 மீட்டர் வந்தால் 30 சதவீதம்.

பூசின சுவராக இருந்தால் ஜன்னல் அடிச்சட்டங்களை வைத்துப் பார்க்கலாம். வீட்டு முற்றமும் தெருவும் வேறுவேறு சாய்வில் இருக்க முடியும் என்பதால் தெருவை ஒட்டி நிற்கும் சுவரைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். பட்டியலைச் சலித்தெடுக்க இது நன்றாக உதவுகிறது.

---

மேட்டுவழி:
செங்கல் எண்ணும் யோசனையை இன்றிரவே முயல்கிறேன். அடுத்த சிக்கல்: குடியிருப்புத் தெரு என்பதற்கு எது எல்லை? வரைபடத்தில் பல இடங்களில் வீட்டுக்குள் போகும் தனிப்பாதைகூடக் குடியிருப்புத் தெரு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. உண்மையான தெரு சில இடங்களில் வேறு வகையாகக் குறிக்கப்பட்டுக் கண்ணில் படாமல் போகிறது.

---

சாலைப்பொறி:
என் பார்வை: பொதுத் தெருவாக இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வண்டியில் போக உரிமை வேண்டும். முழுவதும் பாவிய தளம் வேண்டும். செங்குத்தான அந்தத் துண்டிலேயே வீட்டு வாசல்கள் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். அடியில் நாலு வீடு, உச்சியில் நாலு வீடு, நடுவில் ஆளில்லாத மேடு என்றால் அது குடியிருப்புத் தெருவின் பட்டத்துக்கு வராது. இங்கிலாந்தின் ஹார்ட்நாட் கணவாய் மூன்றுக்கு ஒன்று, 33 சதவீதம். அது மலைக் கணவாய்ச் சாலை, இந்தப் போட்டி அதற்கில்லை. ஹவாயின் வைப்பியோ பள்ளத்தாக்குச் சாலையும் அப்படியே.

முட்டுச்சந்தை நீக்கக் கூடாது. பால்ட்வின் தெருவே வண்டிக்கு முட்டுச்சந்துதான். ஒருவழித் தெருவும் இருக்கலாம். படிக்கட்டு கூடாது. தனிப்பாதை கூடாது. குறியீடு தப்பாக இருக்கும் என்பதால் முதல் சலிப்பில் எல்லா வகைத் தெருக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகுதியைக் கடைசியில் பார்ப்பது நல்லது, தேடும்போதே வடிகட்டினால் உண்மையான தெரு ஒன்று சத்தமில்லாமல் வெளியே போய்விடும்.

---

கீழ்வாசல்:
இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் அப்படி ஒரு செங்குத்துத் தெருவில் குடியிருக்கிறேன், அதனால் எழுதத் தோன்றியது.

இங்கே வண்டியை நிறுத்தினால் கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, முன்சக்கரத்தை நடைமேடைக் கல் பக்கம் ஒடித்துத்தான் விட்டுவருவோம். கார்க் கதவை மேல்பக்கம் திறக்க ஒரு கை பலம் வேண்டும், கீழ்ப்பக்கம் திறந்தால் அது தானாகப் பிடுங்கிக்கொண்டு போகும். மழை பெய்தால் தெருத் தண்ணீர் அடி வீட்டுக்காரர் வாசலுக்குத்தான் வரும், அதனால் உச்சியில் இருப்பவர் வடிகாலை அடைக்காமல் வைப்பதைப் பற்றி எங்களுக்குள் ஓர் ஒப்பந்தமே உண்டு. தளம் சிமென்ட் கான்கிரீட், குறுக்கே கோடு கோடாகக் கீறிவிட்டிருக்கிறார்கள். பால்ட்வின் தெருவிலும் கான்கிரீட்தான் என்று படித்திருக்கிறேன். வெயிலில் தார் இளகிக் கீழே வழியும் என்பதால் அப்படிப் போட்டார்களாம். எங்கள் தெருவுக்கும் அதே காரணத்தைத்தான் போட்டவர்கள் சொன்னார்கள்.

என் வேண்டுகோள்: தெருவின் பெயரை அறிவிக்கும்போது அங்கே குடியிருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். பால்ட்வின் தெருவில் 2001இல் ஒரு மாணவி சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியில் உட்கார்ந்து சறுக்கி, நின்றிருந்த வண்டியில் மோதி இறந்துபோனாள். 19 வயது. ஒரு தெரு பேர்பெற்றால் அதைச் சோதித்துப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அளக்க வருகிறவர்களும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். மேலிருந்து இறங்குகிற வண்டிக்கு, தெரு நடுவில் குனிந்து சாக்குக்கட்டியால் கோடு போடுகிறவர் உச்சி தாண்டும்வரை தெரியவே மாட்டார்.

---

ரசமட்டம்:
கீழ்வாசல் சொன்னதை எல்லோரும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அளக்கும்போது உச்சியில் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும், அடியில் இன்னொருவர். மூன்று பேருக்குக் குறைந்து போகாதீர்கள். காலை வேளை நல்லது.

---

மேட்டுவழி:
கீழ்வாசல், எழுதியதற்கு மிக்க நன்றி. தெரு யாருடைய வாசல் என்பதை மறந்துவிட்டு எண்ணைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். குடியிருப்பவர்களில் யாராவது ஒருவர் சம்மதித்தபின்தான் நேரில் போவது என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி நான் செய்யப்போவது: முதல் பட்டத்தை 100 மீட்டருக்கு எடுத்துக்கொள்கிறேன், நடுக்கோட்டில். பத்து மீட்டர் உச்சத்தைப் பக்கத்துப் பத்தியில் தனியாகக் கொடுப்பேன், சைக்கிள் மிதி கேட்ட உள் ஓரத்து எண்ணும் இருக்கும். சாய்வு எல்லாமே கிடைமட்டத் தூரத்தை வைத்து, சதவீதத்தில்.

நூறை முன்னால் வைப்பதற்குக் காரணம், வீடுகள் வரிசையாக நிற்கிற தெரு என்று சொல்ல அந்த அளவு நீளமாவது வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பத்து மீட்டரில் ஒரு வீடுதான் நிற்கும்.

---

சைக்கிள் மிதி:
நூறுக்கு என் ஓட்டும் உண்டு. பத்து மீட்டரை வேகத்தை வைத்தே ஏறிவிடலாம். நூறு மீட்டர் 30 சதவீதம் என்றால் ஏமாற்ற வழி கிடையாது.

டிகிரியில் சொல்லப்படுகிற தெருக்களை மட்டும் கவனமாகப் பாருங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வேல் தெரு என்று ஒன்று, 22 டிகிரி என்று பரவலாகச் சொல்வார்கள். சதவீதத்தில் மாற்றினால் 40, பட்டம் வைத்திருக்கும் பால்ட்வினை அது தாண்டிவிடுகிறது. சதவீதத்தை டிகிரி என்று எழுதிவிடுவதும், சின்னத் துண்டின் எண்ணைத் தெருவுக்கே கொடுப்பதும் ரொம்பச் சகஜம். ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிற எண்ணை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள், தெருவை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

---

தரவுக்கிறுக்கு:
மேட்டுவழி, ஸ்கிரிப்டில் சாளரத்தின் நீளத்தை மாற்றக்கூடிய எண்ணாகவே வையுங்கள். 10, 20, 50, 100, 200 என்று ஓடவிட்டு, எல்லா நீளத்திலும் முதல் இருபதுக்குள் வருகிற தெரு எது என்று பாருங்கள். அப்படி ஒன்று வந்தால் எந்த விதியைப் போட்டாலும் அதை யாரும் அசைக்க முடியாது.

---

மேட்டுவழி:
செய்கிறேன். கடைசியாக ஒரு சந்தேகம், ரசமட்டம் ஐயாவுக்கு. இன்று அளந்த எண் இன்னும் பத்து வருடம் கழித்தும் நிற்குமா? தெருவுக்கு மறுபடி தளம் போட்டால்?

---

ரசமட்டம்:
மாறும், தம்பி. பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுகிறார்கள் என்று வையுங்கள். மேல்முனையில் 5 சென்டிமீட்டர் தடிமனாக விழுந்து, கீழ்முனையில் வடிகால் மூடியோடு சேர்க்க இழைத்துவிட்டால், 10 மீட்டர் துண்டில் அரை சதவீதப் புள்ளி கூடிவிடும். நூறு மீட்டரில் கண்டுகொள்ளவே வேண்டாத அளவு. அதனால் அளந்த தேதியை எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். இரண்டு முனைகளையும் சாக்குக்கட்டியோடு விட்டுவிடாமல், நகராத ஏதாவது ஒன்றிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்து வையுங்கள். சாக்கடை மூடி வேண்டாம், தளம் போடும்போது அதையும் உயர்த்திவிடுவார்கள். வீட்டுக் கடைக்கால் மூலை நல்லது. ஒவ்வொரு 2 மீட்டருக்கும் டேப்பில் வந்த எண்ணை அப்படியே இந்த இழையிலேயே போடுங்கள், வகுத்துச் சுருக்கின விடையை மட்டும் போட வேண்டாம். வேறு யாராவது அதே இடத்தில் பட்டையை ஊன்றிச் சரிபார்க்கட்டும்.